வயல் மண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு உலக மேடைக்கு: மண்ணும் நலவாழ்வும் பற்றிய இணையவழி ஆய்வரங்கில் வன்னியிலிருந்து பங்கேற்பது எப்படி?

சிறுபோக அறுவடை முடிந்து, காலபோகத்துக்கு உழவு இயந்திரம் வயலில் இறங்கும் வரை சில கிழமைகள் நிலம் ஓய்ந்து கிடக்கும். நாம் செய்யப்போகும் வேலை அந்தக் கிழமைகளில் தொடங்குகிறது. கணினியைத் திறப்பதும் பெயரைப் பதிவதும் அதற்குப் பிறகுதான்.

மண்ணைப் பற்றிய உலக ஆய்வரங்குகள் முன்பு நமக்கு எட்டாத இடத்தில் நடந்தன. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு 2018இல் மண் மாசு பற்றியும் 2019இல் மண்ணரிப்புப் பற்றியும் ரோம் நகரில் அரங்குகளைக் கூட்டியது. பெருந்தொற்றுக் காலத்தில் அந்த மேடை இணையத்துக்கு வந்தது. 2021 ஏப்ரலில் மண்வாழ் உயிர்கள், அதே ஆண்டு ஒக்டோபரில் உவர் மண், 2022 ஜூலையில் மண்ணும் ஊட்டச்சத்தும் என்று மூன்று பெரிய ஆய்வரங்குகள் மெய்நிகராக நடந்தன. விமான டிக்கெட்டை நினைத்தும் பார்க்க முடியாத பூநகரிக் கமக்காரர் ஒருவர், தன் வீட்டு விறாந்தையில் இருந்தபடியே விஞ்ஞானியிடம் கேள்வி கேட்கலாம் என்ற நிலை வந்தது. இன்றும் பல்கலைக்கழகங்களும் மண்ணியல் சங்கங்களும் இப்படியான அரங்குகளை நடத்துகின்றன. உலக மண் தினமான டிசெம்பர் 5ஐ ஒட்டிய நாட்களில் அவை இன்னும் கூடுதலாகக் கிடைக்கும்.

முதல் தடவை நான் அப்படியொரு அரங்கில் அமர்ந்தபோது எழுதிய குறிப்புப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மூன்று பக்கங்கள் நிறையக் கலைச்சொற்கள். எங்கள் நிலத்தைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை. அடுத்த தடவை, எங்கள் வயலின் பரிசோதனை முடிவுத் தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்தேன். திரையில் ஒவ்வோர் எண் வரும்போதும் கண் தாளுக்குப் போய் வந்தது. பேச்சாளர் எங்களைப் பற்றிப் பேசுவது போலவே இருந்தது. ஆகவே நான் முதலாவதாகச் சொல்வது இதுதான்: உங்கள் மண்ணைப் பற்றிய ஓர் எண்ணும் ஒரு கேள்வியும் இல்லாமல் அரங்குக்குள் போகாதீர்கள்.

மண்ணை எடுத்தல்

மண் மாதிரி எடுக்கும் முன் ஓர் எச்சரிக்கை. கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட காணியில் மட்டும் மண்வெட்டி போடுங்கள். மண்டையோட்டு அடையாளம் இட்ட சிவப்புப் பலகை இருக்கும் பக்கம் போகவே வேண்டாம். விடுவிக்கப்பட்ட நிலத்திலும் துருப்பிடித்த உலோகம் தட்டுப்பட்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, பொலிஸுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். உலகத்தின் வேறு பல ஊர்களில் மண் மாதிரி பற்றிய வழிகாட்டியில் இந்தப் பந்தி தேவைப்படாது. நமக்குத் தேவை.

அடுத்து, காணியைப் பிரித்துப் பாருங்கள். வன்னியில் ஒரே உரிமையாளரின் நிலத்திலேயே மேட்டில் ஒரு மண்ணும் தாழ்வில் வேறு மண்ணும் இருக்கும். மேட்டுக்காணியில் பெரும்பாலும் செங்கபில நிற மண். மாரியில் குழையும், கோடையில் பாறைபோல இறுகும். குளத்தின் கீழ்ப் பக்கத் தாழ்வில் நீர் தேங்கிச் சாம்பல் படிந்த வயல் மண். முருங்கன் பக்கம் வெடித்துப் பிளக்கும் கருங்களி. முல்லைத்தீவு, மன்னார்ப் பகுதிகளில் ஆழமாக இறங்கும் செம்மண்ணும் கரையோர மணலும். ஒவ்வொரு மண்ணுக்கும் தனி மாதிரி வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தால் எந்த நிலத்துக்கும் பொருந்தாத எண் ஒன்றுதான் கிடைக்கும்.

ஒரே தன்மையுள்ள நிலத்தில் குறுக்கும் மறுக்குமாக நடந்து பத்து முதல் பதினைந்து இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். வரம்போரம், மரநிழல், எருக்கும்பம் கிடந்த இடம், வைக்கோல் எரித்த இடம், வாய்க்கால் கரை ஆகியவற்றை விலக்குங்கள். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ஆறு அங்குல ஆழத்துக்குச் சரிவாக ஒரு குழி வெட்டி, அதன் பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழ்வரை ஓர் அங்குலத் தடிப்பில் மண்ணைச் சீவி எடுங்கள். பிளாஸ்ரிக் வாளியில் சேருங்கள். நாக (துத்தநாக) முலாம் பூசிய தகர வாளியில் சேர்த்தால் மண்ணில் நாகம் இருப்பதாகப் பொய்க் கணக்கு வரும். பழைய யூரியாப் பையைப் பயன்படுத்துவதும் அதேபோன்ற தவறுதான்.

சேர்ந்த மண்ணைச் சுத்தமான விரிப்பில் பரப்பி, கட்டிகளை உடைத்து, நன்றாகக் கலந்து, நான்காகப் பிரியுங்கள். எதிரெதிர்ப் பங்குகள் இரண்டை எறிந்துவிட்டு மிச்சத்தை மறுபடி கலந்து பிரியுங்கள். அரைக் கிலோ வரும்வரை இப்படிச் செய்து, நிழலில் உலர்த்தி, பையில் இட்டு, திகதி, காணியின் பெயர், முன்பு செய்த பயிர், அடுத்துச் செய்யப்போகும் பயிர், போட்ட பசளை ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம். எந்த ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது என்பதை உங்கள் பிரிவின் விவசாயப் போதனாசிரியரிடமோ கமநல சேவை நிலையத்திலோ கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்தையும் அழைக்கலாம். முடிவு வரச் சில கிழமைகள் ஆகலாம் என்பதால்தான் இந்த வேலையை முதலில் வைத்தேன்.

முடிவுத் தாளில் மூன்று எண்களை முக்கியமாகப் பாருங்கள். முதலாவது அமில காரத் தன்மை. 7 நடுநிலை, அது 8.5ஐத் தாண்டினால் மண்ணில் சோடியம் மிகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது மின்கடத்துதிறன், உவரின் அளவை அது காட்டும். மீற்றருக்கு 4 டெசிசீமன் என்ற எல்லையைத் தாண்டிய மண்ணை உவர் மண் என்பது வழக்கம். ஆனால் அந்த எல்லை, மண்ணை நீரால் நிறைவித்து வடித்த சாற்றுக்கு உரியது. மண் ஒரு பங்குக்கு நீர் ஐந்து பங்கு சேர்த்து அளந்திருந்தால் எண் சிறிதாக வரும். அதை வைத்து நிலம் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. எந்த முறையில் அளந்தார்கள் என்று கேட்டுத் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள். மூன்றாவது சேதனக் காபன், அதாவது உக்கிய இலைதழைகளால் மண்ணில் சேரும் காபன். நம்முடைய வெப்பத்தில் இலைதழைகள் விரைவில் உக்கிக் கரைந்துவிடுவதால் இது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். மனம் சோர வேண்டாம். அரங்கில் இதைப் பற்றிய பேச்சுத்தான் உங்களுக்கு மிகவும் பயன்படும்.

பணமோ நேரமோ இல்லாவிட்டால் ஒரு கண்ணாடிப் போத்தலாவது போதும். அரைவாசிக்கு மண்ணிட்டு, நீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் முதல் நிமிடத்திலேயே அடியில் படியும். மணலைவிட நுண்ணிய அடையல் சில மணித்தியாலங்களில் இறங்கும். களி இறங்க ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். மூன்று படைகளையும் அடிமட்டத்தால் அளந்துகொள்ளுங்கள். பிள்ளைகள் இதை விரும்பிச் செய்வார்கள்.

உடல்நலப் பக்கம்

மண்ணையும் நலவாழ்வையும் சேர்த்துப் பேசும் அரங்குகளில் வன்னியார் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டிய விடயங்கள் சில உண்டு. உலகின் உணவில் 95 வீதம் நேராகவோ சுற்றியோ மண்ணிலிருந்தே வருகிறது என்பது உணவு விவசாய அமைப்பின் மதிப்பீடு. வயிறு நிறைந்தாலும் நுண்போசணை குறைந்திருக்கலாம். காரத்தன்மை கூடிய மண்ணிலும் நீர் தேங்கி நிற்கும் வயலிலும் நாகம் பயிருக்கு எட்டாமல் போகிறது. நாகம் குறைந்த சோற்றையே நாளும் உண்ணும் பிள்ளையின் வளர்ச்சியும் நோய் எதிர்ப்பும் பாதிக்கப்படும். உங்கள் முடிவுத் தாளில் நாகம் பற்றிய வரி இருந்தால் அதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது சிறுநீரக நோய். வட மத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்த, காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. கடின நீர், புளோரைட், கட்மியம், களைநாசினி, வெயிலில் உடல்நீர் வற்றுதல் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டிருக்கின்றன; ஒன்றுதான் காரணம் என்று எல்லா ஆய்வாளரும் ஏற்றுக்கொண்ட முடிவு இல்லை. அரங்கில் யாரோ ஒருவர் தம் ஆய்வின் படமொன்றைக் காட்டியதும் அதையே முடிந்த உண்மையாக ஊரில் பரப்பிவிடாதீர்கள். "இந்த ஆய்வு எத்தனை பேரிடம், எந்த ஊரில் செய்யப்பட்டது?" என்று கேளுங்கள். நோயாளி ஒருவரின் வீட்டில் நாம் சொல்லும் ஒரு வார்த்தை எவ்வளவு கனமாக விழும் என்பதை அந்த வீடுகளுக்குப் போய் வந்தவர்கள் அறிவார்கள்.

வயலிலிருந்து நேராகத் தொற்றும் நோய்களும் உண்டு. எலிக்காய்ச்சல் சேற்று நீரால் வருகிறது. ஏற்புவலி காயத்தின் வழியே வருகிறது. கொழுக்கிப்புழு வெறுங்காலால் ஏறுகிறது. உங்கள் குழுவுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் அழையுங்கள். எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மருந்து பற்றிய கேள்விகளுக்கு அவர் அங்கேயே பதில் சொல்வார்.

கேள்வியை எழுதுதல்

"மண் வளத்தை எப்படிக் கூட்டலாம்?" என்று கேட்டால் எந்த நூலிலும் உள்ள பதில்தான் வரும். இடம், மழை, மண், இதுவரை செய்தது, கண்டது, அறிய விரும்புவது என்ற வரிசையில் கேள்வியைக் கட்டுங்கள். உதாரணம் ஒன்று:

"எங்கள் வயல் இலங்கையின் வடக்கே கடலேரிக்கு அருகில் இருக்கிறது. மாரி மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகம் மொட்டைக்கறுப்பன் நெல் விதைக்கிறோம். கோடையில் மேல்மண்ணில் உப்புப் பூக்கிறது. அறுவடைக்குப் பின் வைக்கோலை அகற்றாமல் நிலத்தின் மேல் மூடாக்காக விட்டால் கோடையில் உவர் மேலே ஏறுவது குறையுமா? எத்தனை ஆண்டுகளில் வித்தியாசம் தெரியும்?"

இதற்குக் கீழே உங்கள் மின்கடத்துதிறன் எண்ணையும் அளந்த முறையையும் சேருங்கள். இப்படியொரு கேள்வியைப் பேச்சாளர் தட்டிக்கழிக்க மாட்டார். நாள்தோறும் அந்த நிலத்தை மிதிக்கும் ஒருவர் எழுதியது என்பது வாசித்ததும் புரியும்.

சேதன விவசாயம் பற்றிக் கேட்க விரும்புகிறவர்கள் 2021ஐயும் கேள்விக்குள் கொண்டுவாருங்கள். அந்த ஆண்டு அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென நிறுத்தியது. நவம்பரில் தடையைத் தளர்த்தியது. இடையில் அகப்பட்ட காலபோகத்தின் விளைச்சல் நாடெங்கும் விழுந்தது. சேதனப் பசளையின் மேல் எனக்கு மிகுந்த பற்று உண்டு. ஆட்டுப்பட்டி அடைத்த நிலத்தில் விளைந்ததைத் தின்று வளர்ந்தவள் நான். ஆனால் மண்ணை ஒரே இரவில் மாற்ற முடியாது. "படிப்படியாக மாறுவதற்கு எத்தனை போகம் வேண்டும், முதற்போகத்தில் இரசாயனப் பசளையை எவ்வளவு குறைக்கலாம்?" என்ற கேள்வி நம் நாட்டு அனுபவத்தோடு சேர்ந்து போனால், கேட்கும் உலகத்துக்கும் அது பாடமாகும்.

பதிவும் நேரமும்

பதிவுப் படிவத்தில் பெயர், நாடு, மின்னஞ்சல், நிறுவனம் ஆகியவற்றைக் கேட்பார்கள். நிறுவனம் என்ற இடத்தைக் கண்டு பின்வாங்காதீர்கள். உங்கள் கமக்காரர் அமைப்பின் பெயரையோ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரையோ எழுதுங்கள். சான்றிதழ் வேண்டுமானால் அடையாள அட்டையில் உள்ள எழுத்துப்படியே பெயரை இடுங்கள். உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வராவிட்டால் குப்பைப் பெட்டியிலும் பாருங்கள். அதில் வரும் இணைப்பு பெரும்பாலும் உங்கள் ஒருவருக்கு மட்டுமே உரியது. வட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தால் கடைசியில் உங்களாலேயே நுழைய முடியாமல் போகலாம்.

உங்கள் ஆய்வைப் புகழ்ந்து, யாரென்று தெரியாதவர்கள் கட்டணம் கேட்டு எழுதும் அழைப்புகளைத் திறக்காமலே அழித்துவிடுங்கள்.

நேரக் கணக்கில் பலர் தவறுகிறார்கள். ரோம் நேரம் கோடையில் நம்மைவிட மூன்றரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் நாலரை மணித்தியாலமும் பின்னால் இருக்கும். அங்கே காலை 10 மணி என்றால் ஜூலையில் நமக்குப் பிற்பகல் 1.30, டிசெம்பரில் 2.30. ஒக்டோபரின் கடைசி ஞாயிறில் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவதால் அந்தக் கிழமையில் நடக்கும் அரங்கென்றால் இரண்டு தடவை சரிபாருங்கள்.

மொழியும் கூடும் இடமும்

ஐக்கிய நாடுகளின் பெரிய அரங்குகளில் மொழிபெயர்ப்பு இருந்தால் அது அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானியம் ஆகிய ஆறு மொழிகளுக்குள் அடங்கிவிடும். தமிழ் அங்கே இல்லை. அதனால் ஒருவராகப் பார்க்காமல் பொதுநோக்கு மண்டபத்திலோ பாடசாலையிலோ பதினைந்து இருபது பேராகக் கூடுங்கள். ஆங்கிலம் தெரிந்த ஆசிரியர் ஒருவரும், விவசாயம் தெரிந்த ஒருவரும் முன்வரிசையில் இருக்கட்டும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் 'சொயில் டெக்ஸ்ச்சர்' என்பதை மண்ணின் துணிநயம் என்று சொல்லிவிடுவார்; அது மணல், அடையல், களி ஆகியவற்றின் விகிதம் என்று மற்றவர் திருத்துவார். 'சலினிட்டி' உவர்த்தன்மை, 'ஓர்கானிக் கார்பன்' சேதனக் காபன், 'மல்ச்' மூடாக்கு. 'வெர்ட்டிசோல்' என்று கேட்டால் முருங்கன் கருங்களியை நினையுங்கள்; 'அல்ஃபிசோல்' என்றால் நம் செங்கபில நிற மண் அந்தக் குடும்பத்தில் இருக்கிறது. இவற்றை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். எங்கள் கூட்டத்தில் முதியவர் ஒருவர், "பிள்ளை, இவர்கள் சொல்லுகிற மண் எங்களுடைய மண்தானா?" என்று கேட்டார். அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தத் தாளை எழுதினேன்.

சூம் செயலியில் ஆங்கில எழுத்தோடையை இயக்கும் வசதி இருந்தால் இயக்குங்கள். காது தவறவிட்டதைக் கண் பிடித்துக்கொள்ளும். கேள்வியை மொழிபெயர்ப்புச் செயலியில் இடும்போது 'பசளை' என்ற நம் சொல்லை அது கீரையாக எண்ணிக்கொள்ளக்கூடும். 'உரம்' என்று எழுதுங்கள். வந்த ஆங்கிலத்தைத் திரும்பத் தமிழாக்கிப் பார்த்தால் பிழை வெளியே வரும்.

மின்சாரத்தையும் இணையத்தையும் நம்பி இருக்க முடியாது. மடிக்கணினியை முழுதாகச் சார்ஜ் செய்து, இரண்டு வேறு வலையமைப்புகளின் சிம் அட்டைகளைத் தயாராக வையுங்கள். காணொளியோடு பார்த்தால் மணித்தியாலத்துக்கு ஒரு ஜிகாபைட் அளவுக்கு டேட்டா கரையலாம். குளக்கட்டில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும் ஊர்கள் நம்மிடம் உண்டு. அங்கே படத்தை நிறுத்தி ஒலியை மட்டும் கேளுங்கள். மண்டபத்துக்குப் படம் பெரிதாக இருப்பதைவிட ஒலி தெளிவாக இருப்பதுதான் முக்கியம். ஒலிபெருக்கி ஒன்றை முதல் நாளே பொருத்திப் பாருங்கள்.

அன்று

கால் மணித்தியாலம் முன்னதாக நுழையுங்கள். பெயருக்குப் பக்கத்தில் ஊரையும் எழுதுங்கள்: கிளிநொச்சி, இலங்கை. பெரிய அரங்குகளில் பார்வையாளரின் ஒலிவாங்கி மூடியே இருக்கும். உரையாடல் பெட்டியும் கேள்விப் பெட்டியும் தனித்தனியாக இருக்கும். கேள்வியை உரையாடல் பெட்டியில் இட்டால் வாழ்த்துகளின் வெள்ளத்தில் அது அடித்துச் செல்லப்படும். முன்பே எழுதிவைத்த கேள்வியை, பேச்சாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே அனுப்புங்கள். முடிவில் கேள்விகள் குவிந்துவிடும். பதில் கிடைக்காவிட்டால் பேச்சாளரின் மின்னஞ்சல் முகவரியைக் குறித்துக்கொண்டு அன்றிரவே எழுதுங்கள்.

ஒவ்வோர் உரையிலும் ஒருவர் ஒன்றை மட்டும் குறித்தால் போதும். இருபது பேர் இருந்தால் இருபது குறிப்புகள் கிடைக்கும்.

சொந்தமாக ஏதும் சமர்ப்பிக்க விரும்பும் ஆசிரியர்களும் மாணவர்களும் அறிவிப்பு வந்ததும் சுருக்கக் கட்டுரைக்கான இறுதித் திகதியைப் பாருங்கள்; அது அரங்குக்குப் பல மாதங்கள் முன்னதாகவே வந்துவிடும். அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தாரையும் வவுனியாப் பல்கலைக்கழகத்தாரையும் அணுகி, கூட்டாக எழுதலாமா என்று கேளுங்கள். கமக்காரரின் பெயரும் ஆசிரியர் பட்டியலில் வர வேண்டும் என்று வற்புறுத்துங்கள். மண் அவருடையது, பல ஆண்டுகளாகப் பார்த்து அறிந்ததும் அவருடையது.

அரங்கு முடிந்த பிறகு

ஒரு கிழமைக்குள் மறுபடி கூடி, இருபது குறிப்புகளையும் வாசித்து, ஒன்றே ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். வைக்கோலை எரிக்காமல் விடுவது, காலபோகத்துக்கு முன் சணல் விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழுவது, குளத்து வண்டலை மேட்டுக்காணியில் இடுவது என எதுவானாலும் சரி, முதலில் ஒரு துண்டில் மட்டும் செய்யுங்கள். பக்கத்திலேயே அதே அளவுத் துண்டொன்றை வழமைபோல விடுங்கள். விதை, நீர், விதைத்த நாள் மூன்றும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். இரண்டு துண்டுகளின் நெல்லையும் தனித்தனிச் சாக்கில் கட்டி நிறுங்கள்.

அரங்கின் ஒளிப்பதிவும் உரைப்படங்களும் பெரும்பாலும் சில கிழமைகளில் இணையத்தில் ஏறும். நிறுத்தி நிறுத்திப் பார்க்கும்போது முதல் நாள் பிடிபடாதது பிடிபடும். அடுத்த ஆண்டு, சிறுபோகம் முடிந்த அதே கிழமைகளில், அதே இடங்களில், அதே ஆழத்தில் மண் எடுத்து, அதே ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்தப் பேச்சாளருக்கு இன்னொரு மின்னஞ்சல் எழுதுங்கள்.